பணியாளரின் சொந்தக் கைபேசியில் அலுவலக வேலை: விதிமுறைகளை வகுக்கும் வழி

பெரும்பாலான நிறுவனங்களில், பணியாளர்கள் தங்கள் சொந்தக் கைபேசியை வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று எவரும் உட்கார்ந்து முடிவெடுத்திருப்பதில்லை. அவசரத்துக்கு ஒரு மேலாளர் வாட்ஸ்அப் குழுவொன்றைத் தொடங்குகிறார். யாரோ ஒருவர் அலுவலக மின்னஞ்சலைத் தன் கைபேசியில் இணைத்துக்கொள்கிறார். களப்பணிக்குச் சென்றவர் கையெழுத்தான ரசீதைப் படமெடுத்து அனுப்புகிறார். ஓராண்டு கழித்துப் பார்த்தால் வாடிக்கையாளர் விவரங்கள், விலைப்பட்டியல்கள், ஒப்பந்த வரைவுகள் எனப் பாதி அலுவலகம் நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத கருவிகளில் குடியேறியிருக்கும். ஆகவே இதை ஒழுங்குபடுத்த முனைபவர் வெற்றுத் தாளில் விதி எழுதப்போவதில்லை. ஏற்கெனவே வேரூன்றிய ஒரு பழக்கத்துக்கு வரம்பு கட்டப்போகிறார். இதை மறந்து, இனிமேல் சொந்தக் கைபேசியில் அலுவலக வேலை கூடாது என்று சுற்றறிக்கை விடும் நிறுவனங்களில் அந்தப் பழக்கம் நின்றுவிடுவதில்லை, மேலாளரின் கண்ணில் படாத இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

முதலில் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்த விதியையும் எழுதுவதற்கு முன்பு, யார் எதற்காகத் தங்கள் கைபேசியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கேட்டறிய வேண்டும். இந்தக் கேள்விகளுக்குத் தரும் பதிலால் யாருக்கும் தண்டனை வராது என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கிடைக்கும் பதில்கள் அனைத்தும் சுத்தமாக இருக்கும், ஆனால் ஒன்றும் பயன்படாது. வாடிக்கையாளர்களிடம் இருப்பது யாருடைய எண், வேலை தொடர்பான படங்கள் எந்தக் கணக்கில் சேமிக்கப்படுகின்றன, வேலைக்கான குழுக்களுக்கு நிர்வாகி யார், நிறுவனக் கணக்குகளுக்கான ஓடிபி யாருடைய கைபேசிக்கு வருகிறது என்ற நான்கையும் கட்டாயம் கேளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் நிர்வாகத்தைத் திடுக்கிட வைக்கும். நிறுவனத்தின் இணையதளப் பெயர்ப் பதிவும் சமூக ஊடகப் பக்கமும் கிளவுட் சேமிப்புக் கணக்கும், முன்பு எப்போதோ அவற்றைத் தொடங்கிய ஒருவரின் தனிப்பட்ட எண்ணோடு இணைந்திருப்பது மிகச் சாதாரணம். அவர் எண்ணை மாற்றினாலோ, சிம் கார்டு தொலைந்தாலோ, மனக்கசப்புடன் விலகினாலோ நிறுவனம் தன் வீட்டுக்கே வெளியில் நிற்கும். மற்ற விதிமுறைகளுக்காகக் காத்திராமல், அத்தகைய கணக்குகளை நிறுவனத்தின் பெயரிலுள்ள எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

விலகும் நாளிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள்

விதிமுறைகளை எழுதுபவர்கள் வழக்கமாகச் சேரும் நாளிலிருந்து தொடங்குகிறார்கள்: எந்தக் கைபேசி இருக்க வேண்டும், எந்தச் செயலியை நிறுவ வேண்டும், எங்கே கையெழுத்திட வேண்டும். ஒருவர் வேலையை விட்டுச் செல்லும் நாளை முதலில் கற்பனை செய்து, அங்கிருந்து பின்னோக்கி எழுதுவதே சிறந்த வழி என்பது என் கருத்து. அந்த நாளில் கைபேசி அவருடனேயே போய்விடும். அதில் உள்ளவற்றுள் எது நிறுவனத்துக்கு வந்துசேர வேண்டும், எது அழிய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், சேரும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே புலப்படும்.

விற்பனைப் பிரிவில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய தனிப்பட்ட எண்ணைத்தான் வாடிக்கையாளர்கள் பல ஆண்டுகளாக அழைத்து வருகிறார்கள். அவர் போட்டி நிறுவனத்தில் சேர்ந்த மறுநாளும் அதே எண்ணைத்தான் அழைப்பார்கள், எடுப்பவரும் அவர்தான். இதைத் தடுக்கும் ஒப்பந்த வாசகம் எதை எழுதினாலும், எண் அவருடையதாக இருக்கும்வரை நடைமுறையில் அதனால் பெரிய பயன் இல்லை. எனவே வாடிக்கையாளரோடு தொடர்ந்து பேசும் எவருக்கும் நிறுவனத்தின் பெயரில் ஓர் எண் கொடுக்கப்பட வேண்டும். இன்றைய கைபேசிகளில் பெரும்பாலானவை இரண்டு சிம் கார்டுகளையோ, ஒரு சிம்முடன் இ-சிம் ஒன்றையோ ஏற்பதால், இதற்காக இரண்டாவது கைபேசி தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, சாதாரண வாட்ஸ்அப் இருக்கும் அதே கைபேசியில் வேறோர் எண்ணுடன் இயங்கும். அதை நிறுவன எண்ணில் பதிவு செய்துவிட்டால், பணியாளர் விலகும்போது அந்த எண் அடுத்தவரிடம் போகும், வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது. அந்த எண்ணில் இரட்டைச் சரிபார்ப்புக்கான, அதாவது சிம்முக்கு வரும் குறியீட்டோடு கூடுதலாகக் கேட்கப்படும், பின் எண்ணை நிறுவனமும் வைத்திருக்க வேண்டும். இல்லையேல் சிம் கையில் இருந்தும் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவிக்க நேரும்.

எண்ணை மாற்றுவதோடு, பேசியதன் சாரமும் கைபேசியிலேயே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விலை ஒப்புக்கொள்ளப்பட்டது, விநியோகத் தேதி தள்ளிப்போனது, புகார் வந்தது போன்றவற்றை அன்றன்றே நிறுவனத்தின் பொதுப் பதிவேட்டிலோ மென்பொருளிலோ ஏற்றும் பழக்கம் இல்லாத இடத்தில், எந்தத் தொழில்நுட்ப ஏற்பாடும் முழுமையாக உதவாது. வேலைக்கான ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் இருக்க வேண்டும் என்பதும், விலகியவரை அன்றைய தினமே குழுக்களிலிருந்து நீக்கும் பொறுப்பு பெயர் குறிப்பிட்ட ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பதும் சிறிய விதிகள்தாம். ஆனால் விலகிப் பல மாதங்கள் ஆன பிறகும் முன்னாள் பணியாளர்கள் அலுவலகக் குழுவின் உரையாடல்களைப் படித்துக்கொண்டிருப்பதைக் காண அதிகம் தேட வேண்டியதில்லை.

ஒரே கைபேசிக்குள் இரண்டு பகுதிகள்

தனிப்பட்டதையும் பணி சார்ந்ததையும் ஒரே கருவிக்குள் பிரித்து வைக்கும் வசதி இன்று இயங்குதளங்களிலேயே உள்ளது. ஆண்ட்ராய்டில் 2014-இல் வெளியான 5.0 பதிப்பிலிருந்து பணிக்கெனத் தனிப் பகுதி ஒன்றை உருவாக்க முடிகிறது. அதில் நிறுவப்படும் செயலிகளின் சின்னத்தில் சிறிய கைப்பெட்டிக் குறி ஒன்று இருக்கும். அவற்றின் தரவும் தொடர்பு எண்களும் தனிப்பட்ட பகுதியோடு கலப்பதில்லை. விலகும் நாளில் நிறுவனம் அந்தப் பகுதியை மட்டும் தொலைவிலிருந்தே நீக்கலாம்; குடும்பப் படங்களுக்கு எதுவும் நேராது. பணியாளரும் வேலை நேரம் முடிந்ததும் அந்தப் பகுதி முழுவதையும் ஒரே தட்டலில் நிறுத்தி வைக்கலாம். இந்த வசதி இருப்பதைப் பல நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களிடம் சொல்வதே இல்லை.

ஐஃபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13, பணியாளருக்கே சொந்தமான கருவிகளுக்கெனத் தனிப் பதிவு முறையை (கைபேசியை நிறுவனத்தின் மேலாண்மையில் சேர்க்கும் முறையை) கொண்டுவந்தது. இதில் நிறுவனத் தரவு தனியாகக் குறியாக்கம் செய்யப்பட்ட பகுதியில் வைக்கப்படுகிறது. முழுக் கைபேசியையும் அழிக்கும் அதிகாரமோ, தனிப்பட்ட செயலிகளின் பட்டியலைப் பார்க்கும் அதிகாரமோ நிறுவனத்துக்குக் கிடைப்பதில்லை. இவ்வளவும் தேவையில்லாத சிறு நிறுவனங்கள், கைபேசியை எவ்விதத்திலும் பதிவு செய்யாமல், அலுவலக மின்னஞ்சல், கோப்புச் செயலிகளுக்குள் மட்டும் கட்டுப்பாடு வைக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தச் செயலியிலிருந்து தனிப்பட்ட செயலிக்கு எதையும் நகலெடுத்து ஒட்ட முடியாது, திறக்கத் தனிப் பின் எண் தேவை, தேவைப்பட்டால் அதன் தரவை மட்டும் நீக்கலாம் என்ற அளவே பலருக்கும் போதுமானது.

எந்த முறையைத் தேர்ந்தாலும், பணியாளரின் சொந்தக் கைபேசியை முழுவதுமாக அழிக்கும் உரிமையை நிறுவனம் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்கும் படிவத்தில் நான் கையெழுத்திட மாட்டேன். விவரம் தெரிந்த எவரும் தயங்குவார். தவறுதலாக ஒருமுறை அழித்துவிட்டால் போகும் குழந்தையின் படங்களுக்கு இழப்பீடு கணக்கிட எந்தக் கணக்காளராலும் முடியாது. மேலும், அந்த அச்சத்தினாலேயே பணியாளர்கள் பதிவு செய்யாமல் தவிர்த்து, அலுவலகக் கோப்புகளைத் தங்கள் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளத் தொடங்குவார்கள். பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த விதியே கசிவுக்கு வழி திறந்துவிடும்.

எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பதை எளிய சொற்களில் எழுதிக் கொடுங்கள். தனிப்பட்ட குறுஞ்செய்திகள், படங்கள், தேடல் வரலாறு, அழைப்புப் பட்டியல், இருக்குமிடம் ஆகியவற்றை நிறுவனம் பார்க்காது என்றால், அதை அப்படியே பெயர் சொல்லி எழுதுங்கள். களப்பணிக்காக இருக்குமிடம் தெரிய வேண்டும் என்றால், எந்த நேரத்தில், எந்தச் செயலி வழியாக, எத்தனை நாள் அந்தப் பதிவு வைக்கப்படும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பணியாளரின் இசைவு பொதுவான ஒற்றை வரியில் அடங்கிவிடுவதில்லை. பல நாடுகளின் தனியுரிமைச் சட்டங்கள், எந்தத் தரவு எதற்காகத் திரட்டப்படுகிறது என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்கின்றன.

செய்திச் செயலிகள்

இந்த விவகாரத்தில் மிகச் சிக்கலான பகுதி இதுதான், ஏனெனில் மற்றவற்றைத் தொழில்நுட்பப் பிரிவு கட்டுப்படுத்தலாம், யார் யாரிடம் எந்தச் செயலியில் பேசுகிறார்கள் என்பதை அவ்வளவு எளிதில் கட்டுப்படுத்த முடியாது. 2018-இல் ஜெர்மனியின் வாகன உதிரிபாக நிறுவனமான கான்டினென்டல், பணிக்கான கைபேசிகளில் வாட்ஸ்அப்பையும் ஸ்னாப்சாட்டையும் தடை செய்தது. அந்தச் செயலிகள் பயனரின் தொடர்புப் பட்டியல் முழுவதையும் அணுகுவதால், அதில் உள்ள மூன்றாம் நபர்களின் விவரமும் அவர்களுடைய அனுமதியின்றிப் போய்ச்சேர்கிறது என்பதே அது கூறிய காரணம். ஒரு பணியாளர் வாடிக்கையாளர் எண்களைத் தன் சொந்தத் தொடர்புப் பட்டியலில் சேமிக்கும்போது இதே சிக்கல் எழுகிறது. பணிக்கான தனிப் பகுதியில் சேமித்தால் இது பெருமளவு தவிர்க்கப்படும்.

நிதித் துறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. அமெரிக்காவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில், பணியாளர்கள் தங்கள் சொந்தக் கைபேசிகளில் அனுப்பிய வணிகச் செய்திகளைப் பதிவு செய்து வைக்கத் தவறியதற்காக 16 நிதி நிறுவனங்களுக்கு மொத்தம் 110 கோடி டாலருக்கும் அதிகமாக அபராதம் விதித்தது. அந்த நிறுவனங்களில் விதிமுறைகள் காகிதத்தில் இருந்தன. அவற்றை மீறியவர்களில் மூத்த அதிகாரிகளும் இருந்தார்கள் என்பதே கவனிக்க வேண்டியது. ஆகவே வேலைக்கான செய்திகளுக்கு ஒரே ஒரு செயலியை நிர்ணயித்து, முதலில் மேலாளர்களை அதற்குள் கொண்டுவாருங்கள். வேறு வழியில் வாடிக்கையாளர் செய்தி அனுப்பினால், "இதை நம் அலுவலக எண்ணில் தொடர்வோம்" என்று பதிலளித்து, வந்த செய்தியை நிறுவனப் பதிவில் சேர்க்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். தானாக மறையும் செய்திகளை வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இதனுடன் சேர்ந்து வர வேண்டிய விதி. வழக்கு என்று வந்தால், வேலைச் செய்தி இருக்கும் சொந்தக் கைபேசியும் சாட்சியப் பொருளாகக் கேட்கப்படலாம் என்பதைப் பணியாளர்களுக்கு எடுத்துச் சொன்னால், அச்சுறுத்தாமலேயே பலர் தாங்களாகவே அலுவலகச் செயலிக்கு மாறிவிடுவார்கள்.

படங்களையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கைபேசியின் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படமும் பலருடைய கைபேசியில் தானாகவே தனிப்பட்ட கிளவுட் கணக்குக்குக் காப்புநகலாகப் போகிறது. அந்தக் கணக்கைக் குடும்பத்தினரும் பகிர்ந்துகொண்டிருக்கலாம். ஒப்பந்தம், அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை போன்றவற்றை அலுவலகக் கோப்புச் செயலிக்குள்ளேயே இருக்கும் ஸ்கேன் வசதியால் எடுத்தால், படம் கேலரிக்கு வராமல் நேரே நிறுவனக் கணக்கில் சேரும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

சொந்தக் கருவி என்பதால் நீண்ட பட்டியலைத் திணிக்க முடியாது. குறைவாகக் கேளுங்கள், கேட்டதில் உறுதியாக இருங்கள். குறைந்தது ஆறு இலக்கப் பூட்டு எண், தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி, உற்பத்தியாளரிடமிருந்து இன்னும் பாதுகாப்புப் புதுப்பிப்பு பெறும் கைபேசி, இயங்குதளத்தின் காவலை உடைத்து மாற்றியமைக்காத நிலை ஆகியவை போதும். இவற்றுள் மூன்றாவதுதான் பிணக்கை உண்டாக்கும், ஏனென்றால் நன்றாக வேலை செய்யும் கைபேசியை ஒருவர் மாற்ற வேண்டிவரும். கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பை அறிவித்திருந்தாலும், பல மலிவு விலைக் கைபேசிகளுக்கு அந்தக் காலம் மிகக் குறைவு. புதுப்பிப்பு நின்றுபோன கைபேசி வைத்திருப்பவரை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், அதில் மின்னஞ்சல் மட்டும், அல்லது எதுவுமே வேண்டாம் என்று அணுகலைக் குறைப்பதே நியாயம்.

கடவுச்சொற்களைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. 2022-இல் சிஸ்கோ நிறுவனத்தின் உள்வலையமைப்புக்குள் நுழைந்தவர்கள், ஒரு பணியாளரின் தனிப்பட்ட கூகுள் கணக்கை முதலில் கைப்பற்றினார்கள்; அவருடைய உலாவியில் சேமித்த அலுவலகக் கடவுச்சொற்கள் அந்தக் கணக்கோடு ஒத்திசைந்திருந்தன. பிறகு தொலைபேசி வழியாக ஏமாற்றியும், உள்நுழைவு அனுமதிக் கோரிக்கைகளைத் தொடர்ந்து அனுப்பிச் சலிக்கவைத்தும் இரட்டைச் சரிபார்ப்பைக் கடந்தார்கள். எனவே அலுவலகக் கடவுச்சொற்களைத் தனிப்பட்ட உலாவிக் கணக்கில் சேமிக்கக் கூடாது. தாம் கேட்காத அனுமதிக் கோரிக்கை கைபேசியில் தோன்றினால் மறுத்துவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும்.

கைபேசி தொலைந்தால் எவ்வளவு நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிப்படி, தனிநபர் தரவு பறிபோனது தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்கு அறிவிக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. பணியாளர் திட்டுக்குப் பயந்து இரண்டு நாள் மறைத்தால் அவகாசம் குறுகுவதோடு கசிவும் பெரிதாகும். ஆகவே தொலைத்ததற்குத் தண்டனை கிடையாது, மறைத்ததற்கே உண்டு என்று சொல்லிவிடுங்கள். அழைக்க வேண்டிய எண் அந்தக் கைபேசிக்குள் மட்டும் இருக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும், பழைய கைபேசியை விற்கும்போதும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போதும் பணிக்கான பகுதியை முன்னதாக நீக்கிவிட வேண்டும். தொலைப்பதைவிட இதுவே அடிக்கடி நிகழ்வது.

செலவும் நேரமும்

அலுவலக வேலைக்குச் சொந்தக் கைபேசியைப் பயன்படுத்துபவருக்கு அதற்கான செலவில் ஒரு பகுதியைத் தர வேண்டும். இது நிறுவனத்தின் தாராள மனம் சார்ந்தது மட்டுமன்று. கலிஃபோர்னியாவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் ஷ்வான்ஸ் ஹோம் சர்வீஸ் வழக்கில், வேலைக்காகச் சொந்தக் கைபேசியைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டியவருக்கு, அவர் வரம்பற்ற திட்டத்தில் இருந்து கூடுதலாக ஒரு காசும் செலவாகாவிட்டாலும், கட்டணத்தில் நியாயமான பங்கை நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு அழைப்பையும் பிரித்துக் கணக்கிடுவது இரு தரப்புக்கும் தொல்லை. வேலையின் தன்மைக்கேற்ப இரண்டு அல்லது மூன்று நிலைகளில் மாதந்தோறும் நிலையான தொகை வழங்குவதே எளிது. அதற்கு வரி உண்டா என்பதைக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் பற்றிய விதி இன்னும் முக்கியமானது. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல் குறைந்தது 50 பேர் பணிபுரியும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்துப் பணியாளர் தரப்போடு பேச வேண்டியுள்ளது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், நியாயமற்றதாக இல்லாத வரையில், வேலை நேரத்துக்குப் பிந்தைய அழைப்புகளுக்கும் செய்திகளுக்கும் பதிலளிக்க மறுக்கும் உரிமை உள்ளது. சட்டம் இல்லாத இடத்திலும், மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவர் இரவில் படித்துப் பதிலளித்த செய்தி வேலை நேரமாகக் கருதப்பட்டு ஊதியக் கோரிக்கையாகத் திரும்பி வரலாம். அவசரம் என்றால் என்ன, அதற்கு எந்த எண்ணில் அழைக்க வேண்டும், மற்றவை காலைவரை காத்திருக்கும் என்பதை எழுதிவிடுங்கள். மேலாளர்கள் இரவில் எழுதும் செய்திகளைக் காலையில் போய்ச்சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி பெரும்பாலான மின்னஞ்சல் செயலிகளில் உள்ளது.

கையெழுத்து வாங்கும் முன்

விதிமுறை இரண்டு பக்கங்களைத் தாண்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். சட்ட வாசகங்களை இணைப்பாக வைத்து, பணியாளர் அன்றாடம் செய்ய வேண்டியதை முன்னே வையுங்கள். வெளியிடுவதற்கு முன்பு, தொழில்நுட்ப அறிவு குறைந்த ஒருவரிடம் கொடுத்து, அவர் தன் கைபேசியில் பணிக்கான பகுதியை யாருடைய உதவியுமின்றி நிறுவ முடிகிறதா என்று பாருங்கள். பங்கேற்க மறுப்பவருக்கு மாற்று வழியும் இருக்க வேண்டும். உள்நுழைவுச் சரிபார்ப்புக்காக மட்டும் ஒருவரின் கைபேசி தேவைப்பட்டால், சாவிக்கொத்தில் மாட்டக்கூடிய சிறிய பாதுகாப்புச் சாவி (உள்நுழைபவர் அவர்தான் என்று உறுதிசெய்யும் மின்னணுக் கருவி) ஒன்றை வாங்கிக் கொடுத்தாலே அந்தத் தேவை தீர்ந்துவிடும்.

சிலரை இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. நோயாளிகளின் விவரங்களைக் கையாள்பவர், பணப்பரிமாற்றங்களுக்கு ஒப்புதல் அளிப்பவர், நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளுக்கும் நிர்வாகி அதிகாரம் வைத்திருப்பவர், நாள் முழுவதும் அந்நியர்களின் அழைப்புகளை ஏற்க வேண்டியவர் ஆகியோருக்கு நிறுவனமே கைபேசி வாங்கித் தந்து, அதன் பெயர்ப் பதிவையும் சிம்மையும் தன் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டியலை ஆண்டுக்கொரு முறையும், ஒருவரின் பொறுப்பு மாறும்போதெல்லாமும் திருத்துங்கள். பதவி உயர்வு பெற்று ஒப்புதல் அதிகாரம் கிடைத்தவர், அதே பழைய சொந்தக் கைபேசியில் தொடர்வதைத் தடுக்க, பதவி உயர்வுக் கடிதத்தோடு கைபேசி வழங்கும் படிவத்தையும் மனிதவளத் துறை சேர்த்தே அனுப்பலாம்.